மாமா கொண்டுவந்த இரண்டு தூரக்கண்ணாடிகள்

நம் காலை நடைக் குழுவில் மூன்று நாளாக ஒரே ரகளை. பைனாகுலர் எட்டு மடங்கு வாங்குவதா, பத்து மடங்கு வாங்குவதா என்று கைபேசி சூடாகிற அளவுக்கு அடித்துக்கொண்டீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் திண்டுக்கல்லில் பறவைகள் இருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். "நீதான் சின்ன வயசுலயே குளத்தங்கரையில பறவை பாத்தவளாச்சே, நீ சொல்லு" என்று என்னையும் இழுத்துவிட்டீர்கள். நான் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்து ஒருத்தி ரோஜாப்பூ படம் வேறு அனுப்பினாள்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டே வாங்குங்கள். நம் வயதுக்குக் கை ஆடும். பத்தில் பார்த்தால் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கிற பறவை கூத்தாடும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், கண் வைக்கிற இடத்திலுள்ள ரப்பர் வளையம் மடங்குகிறதா என்று பாருங்கள்; மடங்காவிட்டால் பாதிக் காட்சிதான் கிடைக்கும். கடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து நிழல் விழுந்த இடத்தைப் பாருங்கள். கையில் எடுத்ததும் எது ஆசையாக இருக்கிறதோ அதை வாங்காதீர்கள், எதில் தெரிகிறதோ அதை வாங்குங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். ஏன் என்று கேட்பீர்கள், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்குப் பதிமூன்று. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பு ஒன்றில் மேஸ்திரி. அத்தா வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்துவிடும். எத்தனை முறை குளித்தாலும் விரல் இடுக்கில் அந்த வாடை இருக்கும். சோறு பிசைந்து எங்களுக்கு உருண்டை கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். இப்போது நினைத்தாலும் எனக்கு அது பசியைத்தான் கிளப்புகிறது, என்ன செய்ய.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. அதே ஐப்பசியில் அக்கா பெரிய மனுஷி ஆனாள், பள்ளிக்கூடம் நின்றது. எங்கள் பள்ளியில் இடம் போதாமல் சின்ன வகுப்புகளைக் காலையோடு முடித்து அனுப்பிவிடுவார்கள், அதனால் மதியம் நான் வீட்டில்தான். அத்தாவுக்குச் சோறு கொண்டுபோக ஆள் வேண்டும். நான் சின்னவள், தனியாக அனுப்பப் பயம். அக்கா பெரியவள், தனியாக அனுப்ப அதைவிடப் பயம். இரண்டு பயத்தையும் ஒன்றாகச் சேர்த்து, கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்து அம்மா அனுப்பிவைத்தாள்.

தோல் ஷாப்புகள் முடிகிற இடத்தில் ஒரு குளம் இருந்தது. அந்தக் கரையில் நின்றால் எதிரே சிறுமலை. மழை பெய்து குளம் நிரம்பியதும் எங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கின. பெயரெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்? நாங்களே வைத்துக்கொண்டோம். உடம்பெல்லாம் கறுப்பாக, நெற்றியில் மட்டும் வெள்ளையாக இருந்த நாமக்கோழி எங்களுக்குச் சுண்ணாம்புக்காரி. ஓரிடத்தில் முங்கி வேறிடத்தில் எழுகிற முக்குளிப்பான் கள்ளன். சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கிற நீர்க்காகம் தோல் ஷாப்புக்காரர்.

அக்காவுக்குக் காது அபாரம். கரை மேல் ஏறுவதற்கு முன்பே, "இன்னிக்கு அந்தச் சீட்டி அடிக்கிற வாத்து வந்துருக்குடி" என்பாள். ஏறிப் பார்த்தால் இருக்கும். ஆனால் நான் கை நீட்டிக் காட்டுகிற எதையும் அவளால் சட்டென்று பார்க்க முடியாது.

"அந்தாக்கா, கருவேல மரத்துக்குப் பக்கத்துல."

"எங்கடி?"

"அந்தா! மூக்குக்கு நேரா நிக்கிதுல்ல!"

அவள் தலையை மெதுவாக இடமிருந்து வலமாகக் கொண்டுபோவாள், மறுபடி வலமிருந்து இடமாக. அதற்குள் பறவை பறந்திருக்கும். "நீ சொல்ற எடத்துல ஒண்ணையும் காணோம், பொய்யி" என்பாள். எனக்குக் கோபம் வரும். இத்தனை பெரிய நாரையைப் பார்க்கத் தெரியாத மண்டு என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். திரும்பி வரும்போது மேகம் மூடி இருட்டிக்கொண்டு வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "கையப் புடிச்சுக்க புள்ள, நீ பயந்துக்குவ" என்பாள். எனக்கு என்ன பயம்? பெரியவள் சொல்கிறாளே என்று பிடித்துக்கொண்டு நடப்பேன்.

வீட்டில் அவளுக்குத் திட்டு விழாத நாள் கிடையாது. காலடியில் இருக்கிற செம்பைத் தட்டிவிடுவாள். பாதி திறந்த கதவில் தோளை இடித்துக்கொள்வாள். பொழுது இறங்கி மக்ரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரம் கொல்லையிலிருந்து தண்ணீர்க்குடத்தோடு வந்து, நடையில் உட்கார்ந்திருந்த என் மேலேயே ஏறி விழுந்திருக்கிறாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? போற எடத்துல எவ சோறு போடுவா உனக்கு?" என்று அம்மா கத்துவாள். அத்தா கத்த மாட்டார். "கனாக் கண்டுக்கிட்டே நடக்குறா" என்பார். அக்கா சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுப்பாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அதே அம்மா ஆட்டு ஈரலைத் தனியாக வதக்கி அக்காவின் தட்டில் மட்டும் வைப்பாள். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, எண்ணெய் பளபளக்க இருக்கும் அது. எனக்கு ஒரு துண்டு கிடையாது. கேட்டால், "அவ வயசுக்கு வந்த புள்ள, ரத்தம் ஊறணும். நீ போய் கொழம்ப ஊத்தித் தின்னு" என்பாள். அக்கா அம்மாவுக்குத் தெரியாமல் எனக்குக் கொடுக்கப் பார்ப்பாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் முழுதும் விழுங்குகிற வரை காவல் காப்பாள். எல்லாத் திட்டையும் அவள் வாங்கினாலும் ஈரலும் அவளுக்குத்தான் போகிறது என்பது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலை நான் இங்கே மறைக்கப்போவதில்லை, ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈரலின் கதை எனக்குத் தெரியவர வெகு காலம் ஆனது. அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் போனபோது, அவளுடைய டீச்சர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சாயங்காலமானா தடுமாறுது பிள்ளை, கண்ணைக் காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அதை மாலைக்கண் என்று தானாகவே முடிவு கட்டினாள். மாலைக்கண்ணுக்கு ஈரல் என்பது அவளுக்குத் தெரிந்த வைத்தியம். டாக்டரிடம் போனால் கண்ணாடி போடச் சொல்வார், கண்ணில் குறை என்று தெரு முழுக்கத் தெரியும், நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான்? அதனால் அத்தாவிடம்கூடச் சொல்லாமல், வெள்ளிக்கு வெள்ளி ஈரலைக் கொடுத்துச் சரியாக்கிவிடலாம் என்று நம்பினாள். அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான்.

மார்கழிக் குளிரில் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. அரபு நாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு முதல் தடவையாக வருகிறார். பெட்டியைத் திறந்ததும் செண்டும் சோப்பும் புதுத் துணியும் கலந்து ஒரு வாடை, தோல் வாடையையே அமுக்கிவிட்டது. அந்தப் பெட்டியின் அடியில் இரண்டு பைனாகுலர்கள். நாங்கள் பறவை பார்க்கிறோம் என்று கடிதத்தில் அக்காதான் எழுதியிருந்தாள்.

ஒன்று பெரியது. கறுப்பு, முரட்டுத்தனமாக, இரண்டு கையால் தூக்க வேண்டும். முன்பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றும் டீ கிளாஸ் வாய் அகலம் இருக்கும். இன்னொன்று சின்னது. பாதியாக மடங்கும், வெள்ளிக் கரை போட்டது, கழுத்தில் மாட்டினால் நகை மாதிரி இருந்தது. பார்த்த அந்த நொடியே நான் சின்னதுக்கு விழுந்துவிட்டேன்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு முதலாளி வீட்டுக்கு" என்றார் மாமா. அத்தாவின் முதலாளிதான் அவர் வெளிநாடு போக வழி செய்தவர். "மொதல்ல நீங்க எடுத்துக்கங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லணும். நீ ஒண்ணு, அவ ஒண்ணுன்னு சண்டை போட்டீங்க, ரெண்டையும் முதலாளி வீட்டுக்கே குடுத்துருவேன்."

அன்றைக்கு அசர் தொழுதுவிட்டு மாமா எங்களைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னதை நான் முதலில் வாங்கிப் பார்த்தேன். சுண்ணாம்புக்காரியின் கண் சிவப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்! கத்தினேன். பெரியதையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கை வலித்தது.

அக்கா சின்னதை வாங்கிக் கண்ணில் வைத்தாள். திருகினாள். "ஒண்ணுமே தெரியல மாமா, ஒரே இருட்டாருக்கு."

"அடியே, மூடியக் கழட்டிட்டுப் பாரு" என்றார் மாமா. மூடி கழற்றித்தான் இருந்தது.

சின்னதை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன், அவளுக்குப் பெரியதைக் கொடுத்தார். செத்த நேரம் பார்த்துவிட்டு, "இதுல தெரியுது" என்றாள். "ஆனா துண்டு துண்டாத் தெரியுது." பிறகு என்ன தோன்றியதோ, அதை அப்படியே திருப்பிப் பிடித்து, பெரிய கண்ணாடி இருந்த பக்கத்தில் ஒரு கண்ணை ஒட்டினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா! எல்லாம் தெரியுது! கொளம் பூராம் தெரியுது! அந்தக் கரை, இந்தக் கரை, மலை, எல்லாம் ஒண்ணாத் தெரியுது மாமா!"

அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. சிரித்தாள், அழுதாள். குளத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தன் கையை நீட்டி அதைப் பார்த்தாள். கடைசியாக எங்கள் பக்கம் திருப்பிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தலைகீழாப் புடிச்சுக்கிட்டு எல்லாம் தெரியுதுங்குறா பாரு! தூரத்துல உள்ளதப் பக்கத்துல காட்டத்தான் கண்ணாடி. நீ பக்கத்துல உள்ளதத் தூரத்துல தள்ளிப் பாக்குறியே!" கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஆளைக் கூப்பிட்டும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

"எனக்கு இதுதான் மாமா வேணும்" என்றாள் அக்கா. வாய்விட்டு எதையும் கேட்டறியாதவள் அவள். பெருநாள் துணிக்குக்கூட, "எதுன்னாலும் சரிம்மா" என்பாள்.

"ரெண்டு பேரும் ராத்திரிக்கு யோசிச்சு, காலையில ஒரே பதிலாச் சொல்லுங்க" என்றார் மாமா. வீட்டுக்குத் திரும்பும்போது நான் முன்னால் ஓடினேன். அவர்கள் இருவரும் பின்னால் மெதுவாக வந்தார்கள்.

நான் அக்காவிடம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவள் பெரியதைத்தான் சொல்வாள் என்று பயம். காலையில் மாமா கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தனியாகப் போய் நின்றேன்.

"என்ன, எது?"

"சின்னது மாமா."

"அக்கா என்ன சொல்றா?"

"அவளுக்கும் சின்னதுதான் மாமா. அவளுக்குப் பெரிசப் புடிக்கவே தெரியலயே."

வாய் கூசாமல் சொன்னேன். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்து, "சரி, எடுத்துக்கங்க" என்றார். பெரியதை அன்றைக்கே முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அக்கா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான பதிலையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஈரலைச் சொல்லிக் காட்டுவதாகவும் இருந்தேன். சின்னதை என் கழுத்தில் அவளே மாட்டிவிட்டு, வாரை என் அளவுக்கு முடிச்சுப் போட்டாள். தை முழுவதும் நான்தான் பார்த்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன செய்யிது? எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய், "உனக்கும் கண்ணு இருக்குல்ல, பாரேன்" என்றேன். மாசியில் தண்ணீர் வற்றிப் பறவைகள் போய்விட்டன. அடுத்த மழையில் ஈரம் புகுந்து சின்னதன் கண்ணாடியில் பூஞ்சை பிடித்தது. அதற்கப்புறம் அது எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. அத்தனை ஆசைப்பட்டு வாங்கியதைத் தேடக்கூட இல்லை நான்.

அக்காவுக்கு இருபது வயதில் கல்யாணமானது. நல்ல இடம் என்றார்கள். ஒரு வருஷத்தில் மகன் பிறந்தான். பிள்ளைக்கு எட்டு மாதம் இருக்கும்போது, பொழுது சாய்ந்த நேரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியவள் இல்லாத படியில் கால் வைத்துவிட்டாள். அல்லாவின் கிருபை, பிள்ளைக்கு நெற்றியில் மூன்று தையலோடு போயிற்று. அப்போதுதான் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினோம்.

பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய் என்றார் டாக்டர். பிறவியிலேயே இருந்திருக்கும், சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் அதிகம் பார்க்கலாம், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் இவங்களுக்கு உலகம், கடைசியில் அந்தக் குழாயும் அடைபடும். மருந்து கிடையாது. முன்பே வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது என்றார். அம்மா அதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு விட்டாள். டாக்டர் முடிக்கவில்லை. "ஆனா தயார் பண்ணியிருக்கலாம்மா. படிக்க வச்சிருக்கலாம். இருட்டுல நடக்கப் பழக்கியிருக்கலாம். இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சின்ன டெலஸ்கோப்பைத் திருப்பிக் குடுப்போம். தூரக்கண்ணாடியத் தலைகீழாப் பிடிச்சாக்கூடப் போதும். எல்லாம் சின்னதாத் தெரியும், ஆனா முழுசா அந்தக் குழாய்க்குள்ள வந்துரும். ஒரு பத்து வருஷமாவது நல்லாப் பாத்திருப்பாங்க. இப்ப அதுக்கும் நேரம் தாண்டிருச்சு. சின்ன வயசுல யாருமே கவனிக்கலையா?"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அத்தா தரையைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிப்பது போல நின்றேன்.

"நான்தான் டாக்டர் சொல்லல" என்றாள் அக்கா. "எல்லாருக்கும் இப்புடித்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்."

குறையை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பினார்கள். அக்கா பிள்ளையோடு வந்தாள், அத்தா வீட்டிலேயே இருந்து அவனை வளர்த்தாள். முப்பத்தைந்து வயதில் வெளிச்சம் என்கிற ஒன்று மட்டும் தெரிந்தது. நாற்பதில் அதுவும் போயிற்று. மாமா இறந்துபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. குளத்தில் தலைகீழாகப் பிடித்ததைச் சொல்லிச் சிரிப்பதை அந்த மதுரைப் பயணத்துக்குப் பிறகு அவர் விட்டுவிட்டார்.

நான் என்ன ஆனேன் என்று உங்களுக்கே தெரியும். படித்தேன், வேலைக்குப் போனேன், வாரா வாரம் அக்காவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிற நல்ல தங்கை என்று பெயர் வாங்கினேன். அந்தக் காலைப் பொய்யை மட்டும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எட்டா பத்தா என்று கேட்டதும் அதை இனியும் மறைத்து வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. முந்தாநாள் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போனேன். அங்கே காய்கறி மார்க்கெட்டில் மகன் கமிஷன் கடை வைத்திருக்கிறான், அவனோடுதான் அக்கா இருக்கிறாள்.

முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த வருஷம் மாமாகிட்ட நான் பொய் சொன்னேன். நீயும் சின்னதுதான் கேட்டன்னு சொல்லிப்புட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. "பொய்யில்லடி அது. கொளத்துலருந்து திரும்பி வரயிலயே நான் மாமாகிட்டச் சொல்லிட்டேன், சின்னதே போதும்னு."

"ஏன்? உனக்குப் பெரிசுதான வேணும்?"

"வேணும்தான். ரெண்டு பேரும் ஒண்ணச் சொல்லாட்டி ரெண்டும் போயிரும்ல? நீ விட்டுக்குடுக்க மாட்டன்னு தெரிஞ்சுருச்சு."

"நான் ஒண்ணுமே சொல்லலயேக்கா. எப்புடித் தெரியும்?"

தோலை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னாள். "அந்தப் பெரிச உன் பக்கமும் திருப்பிப் பாத்தேன்ல. அதுக்கு முந்தி உன் மூஞ்சிய நான் முழுசாப் பாத்ததே இல்ல. கண்ணப் பாத்தா வாய் இருக்காது, வாயப் பாத்தா கண்ணு இருக்காது. அன்னிக்குத்தான் மொத்தமாத் தெரிஞ்ச. அந்தச் சின்னத நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்ன, யாரும் புடுங்கிருவாகளோன்னு. மூஞ்சி பூராம் அம்புட்டு ஆசை. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன். இப்பவும் உன் கொரல் கேட்டா எனக்கு அந்த மூஞ்சிதான்டி வருது."

நான் அழுததை அவள் வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளவில்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா என் முகத்தை முழுதாகப் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் அப்போது அவளைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.